துளையில்லாப் புண்: போர், மூளை, சாட்சியம்

1

உருவகம், ஆகுபெயர் இரண்டையும் மொழியின் இரண்டு அச்சுகளாக நிறுத்திப் பேசுவது நம் விமர்சனத்தில் பழகிப்போன ஒன்று. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததற்குப் பிறகு அமைப்பியல் இங்கே ஒரு தலைமுறையின் பேச்சாகவே ஆயிற்று. கவிதை உருவகத்தின் பக்கம் சாய்வது, யதார்த்தவாத நாவல் ஆகுபெயரின் பக்கம் சாய்வது என்று கோடு கிழித்து எத்தனையோ பிரதிகளை வாசித்தாயிற்று. தமிழ் எம்.ஏ. படித்து வருகிற ஆளுக்கு இதில் ஒரு கூடுதல் ருசியும் உண்டு. தொல்காப்பியத்தில் ஆகுபெயர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் வருகிறது. உவமை பொருளதிகாரத்தில் தனி இயலாக நிற்கிறது. பின்வந்த இலக்கணம் 'உவமையாகுபெயர்' என்று ஒன்றை வைத்து இரண்டுக்கும் சம்பந்தம் பண்ணிவைத்தது. இரண்டையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்தியவர் ரோமன் யாக்கப்சன். 1956இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நாமெல்லாரும் கடன் வாங்கியிருக்கிறோம்.

அந்தக் கட்டுரை இலக்கியத்தைப் பற்றித் தொடங்கிய கட்டுரை அல்ல என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டோம். அது அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பைப் பற்றியது. மூளை அடிபட்டவர்களில் ஒரு சாராருக்குச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் சக்தி போகிறது. ஆனால் பேச்சுச் சூழலைப் பிடித்துக்கொண்டு அவர்களால் பேச முடிகிறது. கத்தியைக் காட்டினால் 'கத்தி' என்று தனியாகச் சொல்ல வராத ஒரு நோயாளி, சந்தர்ப்பத்துக்கேற்ப அதைப் பென்சில் சீவுவது, ஆப்பிள் சீவுவது, ரொட்டிக்கத்தி என்றெல்லாம் சொல்லிச் சமாளித்தார். இன்னொரு சாராருக்குச் சொற்கள் இருக்கின்றன, அவற்றைக் கோக்கிற இலக்கணம் போய்விடுகிறது. தந்தி அடிப்பதுபோலப் பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. முதல் கோளாறில் உருவகம் சாகிறது, இரண்டாவதில் ஆகுபெயர் சாகிறது என்றார் யாக்கப்சன். கவிதையும் நாவலும் கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன.

யாக்கப்சன் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எழுதிவைத்ததை அவர் வாசித்தார். முக்கியமாகக் குர்ட் கோல்ட்ஸ்டைனை. கத்தி என்று சொல்ல வராத நோயாளி கோல்ட்ஸ்டைனின் நூலிலிருந்து வந்தவர்தான். பின்னால், 1960களில், சோவியத் மருத்துவர் அலெக்சாண்டர் லூரியாவின் வகைப்பாட்டைக்கொண்டு அதே வாதத்தை விரித்தார். கோல்ட்ஸ்டைன் முதல் உலகப்போரின்போது பிராங்க்பர்ட்டில் மூளை அடிபட்ட ஜெர்மன் படைவீரர்களுக்கான மருத்துவமனையை நடத்தியவர். லூரியாவின் 1947ஆம் ஆண்டு அஃபேசியா நூல் இரண்டாம் உலகப்போரில் மண்டையில் குண்டு பாய்ந்த செஞ்சேனைக்காரர்களைப் பார்த்து எழுதியது. மெர்லோ-போன்ட்டி 1945இல் உடலைப் பற்றிய தன் தத்துவத்தை எழுதியபோது பக்கம் பக்கமாக விவாதித்த 'ஷ்னைடர்' என்பவரும் கோல்ட்ஸ்டைனும் கெல்பும் பரிசோதித்த ஒரு சிப்பாய்தான், 1915இல் காயம்பட்டவர்.

ஆக, நாம் பிரதியை அறுக்க எடுக்கிற கத்தி, பெருமளவுக்குச் சிப்பாய்களின் உடைந்த மண்டையில் தீட்டப்பட்ட கத்தி. இதைச் சொல்லி யாரையும் குற்றவுணர்வில் தள்ளுவது என் நோக்கம் அல்ல. கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்பது விமர்சகனின் அன்றாட வேலை, அவ்வளவுதான். அப்படிக் கேட்டால் அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது. அந்தச் சிப்பாய்கள் அறிவுக்குக் கொடுத்தார்கள், அறிவு அவர்களுக்கு என்ன கொடுத்தது?

போரில் மூளை அடிபட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆதரவு வேண்டும் என்ற பேச்சு இன்று, குறிப்பாக அமெரிக்காவில், பலமாக இருக்கிறது. நானும் ஆதரிக்கிறவன்தான். ஆனால் எதை ஆதரிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அடிபட்டவரின் மண்டையை எடுத்துக்கொண்டு அவருடைய சொல்லை ஓரத்தில் தள்ளுவதுதான் இந்த ஆராய்ச்சி வரலாற்றின் பெரும்பகுதி. காயம் கண்ணுக்குத் தெரிந்தால் சொல் மெய், தெரியாவிட்டால் சொல் பொய் என்ற ஒரு வாசிப்பு முறை அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வாசிப்பு முறையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

2

1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர். ரஷ்யத் துப்பாக்கியின் சிறிய, வேகமான தோட்டா மண்டைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறியது. முந்தைய போர்களில் செத்திருக்கக்கூடிய பலர் இதில் பிழைத்தார்கள். தட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு ஜப்பானிய அரசு இட்ட வேலை, இப்படிப் பிழைத்தவர்களுக்குப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து சொல்வது. எதற்கு? பென்ஷனைக் கணக்குப் போடுவதற்கு. இனோயே நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் கோட்டால் இணைத்தார். கோடு மூளையின் எந்தப் பகுதி வழியாகப் போகிறது, பார்வையில் எந்தத் துண்டு காணாமல் போயிருக்கிறது என்று பொருத்திப் பார்த்தார். 29 பேரின் விவரங்களோடு 1909இல் ஜெர்மன் மொழியில் நூலாக வந்த அந்த ஆய்வில்தான் மூளையின் பின்பகுதியில் பார்வை எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதற்கான முதல் ஒழுங்கான வரைபடம் கிடைத்தது.

இந்த நிகழ்வில் அறிவும் அரசின் கணக்குப் புத்தகமும் ஒரே மேசையில் இருக்கின்றன. சிப்பாயின் பேச்சும் நம்பப்பட்டது. 'எனக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை' என்று அவன் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு துளைகள் சாட்சி நின்றன. துளை இல்லாதவன் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பத்தாண்டுகளில் ஐரோப்பா காட்டியது.

1915 பிப்ரவரியில் சார்ல்ஸ் மையர்ஸ் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லோடு மூன்று பேரைப் பற்றி எழுதினார். பக்கத்தில் குண்டு வெடித்திருக்கிறது, உடம்பில் கீறல்கூட இல்லை, ஆனால் பார்வையும் நினைவும் சரியாக இல்லை. (ஈழத்துத் தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லின் முதல் பாதியை விளக்க வேண்டியதில்லை. 'செல்' அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த சொல்லாக இருந்தது.) ஆரம்பத்தில் இது உடம்பில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். வெடிப்பில் செத்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்த ஃப்ரெடரிக் மாட், அதில் பொட்டுப்பொட்டாக இரத்தக்கசிவு இருப்பதைக் கண்டார். ஆனால் வெடிப்பின் பக்கத்தில் இருந்திராதவர்களும் அதே மாதிரி நடுங்குகிறார்கள் என்று தெரிந்ததும் காற்று மாறியது. அப்படியானால் இது மனசுதான், மனசு என்றால் மன உறுதி, மன உறுதி இல்லையென்றால் கோழைத்தனம் என்று சங்கிலி நீண்டது.

பிரிட்டிஷ் இராணுவம் இதற்கு இரண்டு எழுத்துகளை வைத்திருந்தது. 'ஷெல் ஷாக் டபிள்யூ' என்றால் காயம். சட்டைக்கையில் காயப்பட்டி உண்டு, பென்ஷன் உண்டு. 'ஷெல் ஷாக் எஸ்' என்றால் நோய், அவை கிடையாது. 1917இல் அந்தச் சொல்லையே முன்னணி மருத்துவர்கள் எழுதக்கூடாது என்றாயிற்று. 'இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு' என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த ஆள் உண்மையிலேயே வெடிப்பில் சிக்கினானா என்று அவனுடைய அதிகாரியிடம் சான்று கேட்க வேண்டும். காயமா நோயா என்பது இப்போது ஒரு படிவத்தில் தீர்மானமாகிறது. நடுங்குகிறவன் தன் நடுக்கத்துக்குத் தானே சாட்சி ஆக முடியாது.

சாட்சி ஆக முடியாதவர்கள் சிலர் விடியற்காலையில் கம்பத்தில் கட்டப்பட்டார்கள். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் ஷெல் ஷாக்குக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர். திரும்ப முன்னணிக்கு அனுப்பப்பட்டு, முடியாது என்று நின்றபோது கோழைத்தனம் என்ற குற்றத்துக்காக 1916 அக்டோபரில் சொந்தப் படையினராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல். தொண்ணூறு வருஷம். போர் முடிந்தபிறகு அமைந்த சவுத்பரோ குழு 1922இல் கொடுத்த அறிக்கை, 'ஷெல் ஷாக்' என்ற சொல்லைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. சொல்லை எடுத்துவிட்டால் நோயும் போய்விடும் என்பதுபோல.

வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' 1925இல் வந்தது. அதில் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸைப் பார்க்கிற டாக்டர் ஹோம்ஸ், அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். பெரிய டாக்டரான பிராட்ஷா 'அளவோடு இருத்தல்' என்பதைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர். செப்டிமஸ் பேசிக்கொண்டேயிருக்கிறான், துண்டுச் சீட்டுகளில் எழுதுகிறான், மனைவி ரேசியாவை எழுதச் சொல்கிறான். யாருக்கும் அது சான்றாகப் படவில்லை, உளறலாகப் படுகிறது. கடைசியில் ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். இந்த நாவலை நனவோடை உத்திக்காகப் பாடம் நடத்துகிறோம். 1922 அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது அந்த அறிக்கைக்கு எழுதப்பட்ட மறுப்பாகத் தெரியும். அறிக்கை மூடிய வாயை நாவல் திறந்துவைக்கிறது.

3

புண்ணுக்கு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் என்கிறது புறநானூறு. அந்தப் புறப்புண்ணும் எதிராளியின் ஆயுதம் உடம்பை ஊடுருவி வந்ததால் ஏற்பட்டது என்பது உரைகாரர்கள் காட்டுகிற சமாதானம். என்ன சமாதானம் சொன்னாலும், புண் எந்த இடத்தில் என்பது ஆளின் மானத்தைப் பற்றிய வாசகமாகிவிட்டது. புண் ஒரு குறி. அதைப் படிப்பவர்கள் ஊரார்.

வெடிப்பு அலைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. குண்டு வெடிக்கும்போது காற்றழுத்தம் ஒரு சுவர்போல ஒலியைவிட வேகமாகப் பரவுகிறது. கட்டடத்துக்குள் என்றால் சுவரில் மோதித் திரும்பி மறுபடியும் அடிக்கிறது. அது தோலைக் கிழிக்காமலே உடம்பைக் கடந்துபோகக் கூடியது. விழுப்புண்ணும் இல்லை, புறப்புண்ணும் இல்லை. நம் இலக்கணத்தில் மட்டுமல்ல, இனோயேயின் வரைபடத்திலும் இதற்கு இடமில்லை, ஏனென்றால் கோடு போட இரண்டு துளைகள் வேண்டும்.

இந்த அலை மூளைக்குள் என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான ஒரு பதில் 2016இல் வந்தது. அமெரிக்க இராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நரம்புநோயியலாளர் டேனியல் பெர்லும் அவருடைய குழுவினரும் வெடிப்பு அலைக்கு ஆளாகி, பின்னர் வெவ்வேறு காரணங்களால் இறந்த படையினரின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். வெடிப்புக்குப் பிறகு நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் ஐந்து பேர், சீக்கிரமே இறந்தவர்கள் மூன்று பேர். அந்த ஐந்து பேரிடமும் விசித்திரமான ஒழுங்கில் தழும்பு இருந்தது. சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கிற எல்லையில், மூளையின் மேலுறைக்கு அடியில், இரத்தக் குழாய்களைச் சுற்றி, உள்ளறைகளின் ஓரத்தில். அதாவது அடர்த்தி வேறான இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்கிற இடங்களில். அழுத்த அலை எங்கே தன் வலுவைக் காட்டும் என்று இயற்பியல் சொல்கிறதோ, அந்த இடங்களில். மூன்று பேரிடம் அதே இடங்களில் தழும்பு உருவாகத் தொடங்கியிருந்தது. சவுத்பரோ குழு மூடிய கோப்பு நுண்ணோக்கியின் கீழே மறுபடியும் திறந்துகொண்டது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்தத் தழும்பு உயிரோடிருக்கிறவரின் வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை. செத்தபிறகு மூளையை வெட்டி, சாயமேற்றிப் பார்த்தால்தான் தெரியும். 'எனக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று உயிரோடிருக்கையில் சொன்னவரின் சொல்லுக்குச் சான்று வருகிறபோது சொன்னவர் இல்லை. மூளை வங்கிகளுக்குத் தன் மூளையைத் தரச் சம்மதித்துக் கையெழுத்திடுகிற ஒவ்வொரு முன்னாள் படைவீரரும் செய்வது ஒருவகையில் இதுதான். என் பேச்சை நம்பவில்லை, சரி, என் மூளையையாவது படித்துக்கொள்ளுங்கள்.

2020 ஜனவரி 8ஆம் தேதி இராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. எந்த அமெரிக்கருக்கும் பாதிப்பில்லை என்று ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும் அது ஒன்றும் பெரிசில்லை என்றும் சொன்னார். அடுத்த சில வாரங்களில் மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பின்னர் அவர்களில் பலருக்குப் போரில் காயம்பட்டவருக்கான பதக்கமும் கொடுத்தார்கள். முதல் நாளைய கணக்கில் பூஜ்யம். தலைவலி என்ற சொல்லுக்கும் மூளைக்காயம் என்ற சொல்லுக்கும் இடையில் ஒரு போரின் விலை ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

'லேசான' என்ற சொல்லும் இந்த ரகம்தான். 2000க்குப் பிறகு அமெரிக்கப் படையினரில் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மூளைக்காயம் பதிவாகியிருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி 'லேசான' வகை. போர்க்களத்தில் பட்டதைவிடப் பயிற்சியிலும் விபத்திலும் பட்டது அதிகம். மருத்துவத்தில் 'லேசான' என்பது அடிபட்ட அந்நேரத்து நிலையைக் குறிக்கும் அளவுகோல். எவ்வளவு நேரம் மயக்கம், எவ்வளவு நேரம் நினைவில்லை என்பதை வைத்துச் சொல்வது. பிற்பாடு ஆளுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அலுவலகக் கோப்புக்குள் போனதும் அதே சொல் தீர்ப்பாகிவிடுகிறது. கதவை வெடிவைத்துத் தகர்க்கச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர், தோளில் வைத்துச் சுடும் கனரக ஆயுதத்தை நாள்முழுக்கச் சுடுகிறவர், பீரங்கிக் குழுவில் நிற்கிறவர் ஆகியோர் ஒருநாளும் மயங்கி விழாமலே சிறுசிறு அலைகளை வருஷக்கணக்காக வாங்கியிருக்கலாம். அவர்கள் 'லேசான' என்ற பெட்டிக்குள்ளும் வரமாட்டார்கள்.

4

இந்த வரலாற்றில் அடிபட்டவரின் எழுத்தையே மையமாக வைத்த பிரதி ஒன்று உண்டு. லூரியா 1971இல் ரஷ்யனில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்த, உலகம் நொறுங்கிப்போன ஒரு மனிதனைப் பற்றிய நூல். லெவ் ஸாஸெட்ஸ்கி 1943 மார்ச்சில் ஸ்மோலென்ஸ்க் பகுதிச் சண்டையில் மண்டையில் குண்டு பாய்ந்தவர். பார்க்கிற எதிலும் வலப்பக்கம் இல்லை. தன் உடம்பின் பாகங்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. ஆனால் எழுத முடிந்தது. எழுத்தெழுத்தாக யோசிக்காமல், கையை எடுக்காமல், ஒரே இழுப்பாக எழுதிப்பார் என்று ஒரு மருத்துவர் சொல்ல, கை எழுதிவிட்டது. எழுதியதைப் படிக்க மட்டும் முடியாது. அப்படியே இருபத்தைந்து வருஷத்துக்குமேல், ஏறக்குறைய 3000 பக்கம். சில நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைப்பக்கம்தான்.

எழுதுகிறவரால் வாசிக்க முடியாத பிரதி என்பது கோட்பாட்டுக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறவைக்கும் விஷயம். ஆசிரியனின் மரணத்தைப் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஸாஸெட்ஸ்கிக்கு ஆசிரியனாக இருப்பது உயிர்ப்பிரச்சினை. ஆசிரியன் செத்தான் என்று சொல்கிற சொகுசு, தன் ஆசிரியத்துவத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளாத ஆட்களுக்கே உண்டு. அவர் தன் ஏடுகளுக்கு வைத்த பெயர் 'நான் போராடுவேன்' என்ற பொருளில் இருக்கிறது. நூலின் அட்டையிலோ லூரியாவின் பெயர். உள்ளே ஸாஸெட்ஸ்கி பேச, நடுநடுவே லூரியா மூளையின் அமைப்பை விளக்கிக்கொண்டு போகிறார். அதிகாரம் யாரிடம் என்பது தெளிவு. இருந்தும் இந்த நூலில் ஒரு நேர்மை இருக்கிறது. லூரியா அந்த ஏடுகளை நோயின் அறிகுறியாக மட்டும் வைக்காமல் நோயைப் பற்றிய அறிவாகவும் வைத்தார். உள்ளேயிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது, அந்த ஏடுகள் சொல்கின்றன.

இதில் மொழிப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது, அதைத் தமிழ் படித்தவர்கள்தான் எழுப்ப வேண்டும். ஸாஸெட்ஸ்கிக்குத் தந்தையின் சகோதரன், சகோதரனின் தந்தை என்ற இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடாது. லூரியா இதை வைத்துத்தான் உறவைக் குறிக்கும் இலக்கணம் மூளையில் எங்கே உடைகிறது என்று பார்த்தார். இந்தச் சோதனையைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும்? அப்பாவின் தம்பி நமக்குச் சித்தப்பா, அண்ணன் பெரியப்பா. உறவு சொல்லுக்குள்ளேயே உறைந்துகிடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இலக்கணமே வேண்டாம், பழக்கம் போதும். ஆக, கோளாறு உள்ளவரும் தேறிவிடலாம். யானை பெரிதா ஈ பெரிதா என்கிற மாதிரி ஒப்பீட்டிலும் அவர் திணறினார். ஆங்கிலத்தில் அது சொல்வரிசையால் நடக்கிறது. தமிழில் 'ஈயைவிட யானை பெரிசு', 'யானை ஈயைவிடப் பெரிசு' இரண்டும் ஒன்றுதான், முழுப்பாரமும் உருபின் தலையில். எனவே தமிழ் பேசுகிற ஒருவரின் மூளைக்காயத்தை அளக்க வேண்டுமானால் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் அறிந்து, தமிழுக்காகவே செய்த சோதனை வேண்டும். தொல்காப்பியம் படித்தவருக்கு ஒரு மருத்துவமனையில் வேலை உண்டு என்றால் அது இதுதான். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

5

இனி மறுப்புக்கு வருவோம். போரை எதிர்க்கிற நாம், இராணுவம் பணம் போட்டு நடத்துகிற ஆராய்ச்சியை எதற்கு ஆதரிக்க வேண்டும்? பழுதான சிப்பாயை ரிப்பேர் பார்த்துத் திரும்ப அனுப்புகிற பட்டறைதானே அது? ஃபூக்கோவைப் படித்த எந்தத் தோழரும் கேட்கக்கூடிய கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. முதல் உலகப்போரில் முன்னணிக்கு அருகிலேயே சிகிச்சை கொடுத்து, தேறியவர்களைத் திரும்ப அகழிக்கு அனுப்பத்தான் செய்தார்கள். ஹெல்மெட்டை மேம்படுத்துகிற ஆராய்ச்சி, இன்னும் பெரிய வெடியைச் சுட வைப்பதற்கான ஆராய்ச்சியாகவும் ஆகலாம்.

ஆனால் மறுப்பை அத்தோடு நிறுத்திவிட்டால் நாமும் சவுத்பரோ குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். போர் நடத்துகிறவர்களுக்குத் தேவைப்படுவது பூஜ்யம் என்ற எண். அல் அசாத்தில் அந்தப் பூஜ்யத்தை நூறுக்குமேல் ஆக்கியவை பரிசோதனைகள். அந்தப் பரிசோதனைகளை உண்டாக்கியது முந்தைய இருபது வருஷ ஆராய்ச்சி. அரசின் கணக்கை அரசின் காசிலேயே திருத்துகிற சாத்தியம் அறிவுக்கு உண்டு. ஆராய்ச்சி இல்லாமல் போனால் சிப்பாய் விடுதலையாகிவிடமாட்டான். குடிகாரன், முன்கோபி, பொண்டாட்டியை அடிக்கிறவன், ஏமாற்றிப் பென்ஷன் கேட்கிறவன் என்ற பெயரோடு வீட்டில் கிடப்பான்.

வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்வது யார்? தொல்காப்பியம் காஞ்சித் திணையில் தொடாக்காஞ்சி என்று ஒரு துறை வைத்திருக்கிறது. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் தொடாதபடி மனைவி காவலிருப்பது. வேப்பிலை செருகி, கடுகு தூவி, பாட்டுப் பாடி இரவெல்லாம் விழித்திருக்கிற பெண்களைப் புறநானூற்றில் பார்க்கிறோம். ரேசியாவும் அப்படித்தான் டாக்டர் ஹோம்ஸை மாடிப்படியில் மறித்து நின்றாள். ஸாஸெட்ஸ்கியைத் தாயும் சகோதரிகளும் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் படையினரையும் முன்னாள் படையினரையும் இப்படிப் பராமரிக்கிறவர்கள் 55 லட்சம் பேர் என்று ரேண்ட் நிறுவனம் 2014இல் மதிப்பிட்டது. அடிபட்டவரின் குணம் மாறிவிட்டதை முதலில் காண்கிறவர்கள் இவர்களே. இவர்கள் சொல்வது ஆராய்ச்சியில் 'உறவினர் கூற்று' என்ற ஒரு வரியாகச் சுருங்குகிறது.

எனவே ஆதரவு என்பது நிபந்தனைகளோடு கூடிய ஆதரவாகவே இருக்க முடியும். முதலாவது, காலம். வியட்நாமில் 1967-70இல் மண்டையில் காயம்பட்ட அமெரிக்கர்களைப் பதிவு செய்து, முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. படையில் சேரும்போது எழுதிய தேர்வு மதிப்பெண்கள் கையில் இருந்ததால், அடிபடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆளை ஒப்பிட முடிந்தது. 'நீ முன்னாலேயே இப்படித்தான்' என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிட முடியாது. சேரும் நாளிலேயே அளந்து எழுதிவைப்பதும், ஓய்வுபெற்ற பிறகும் கைவிடாமல் பின்தொடர்வதும் ஆராய்ச்சியின் அடிப்படை. இதற்கு வருஷாவருஷம் பணம் வேண்டும். போர் முடிந்து செய்தித்தாள் மறந்தபிறகும் வேண்டும்.

இரண்டாவது, கைமாறு. கோல்ட்ஸ்டைனின் பிராங்க்பர்ட் நிறுவனத்தில் சோதனைக்கூடமும் பயிற்சிப் பட்டறையும் சேர்ந்தே இருந்தன. அடிபட்டவரை ஆராய்ந்த அதே ஆட்கள் அவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்றும் யோசித்தார்கள். 1933இல் நாஜிகள் அந்த யூத மருத்துவரைக் கைதுசெய்து நாட்டைவிட்டே விரட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தவரை ஜெர்மனி அப்படி நடத்தியது.

மூன்றாவது, சொல். அடிபட்டவரும் அவர் வீட்டாரும் சொல்வதைப் படத்துக்குக் கீழே குறிப்பாக அல்ல, படத்தோடு சமமான சான்றாக ஏற்க வேண்டும். படம் காட்டாததால் இல்லை என்று முடிவுகட்டியவர்கள் நூறாண்டுகளில் எத்தனை தடவை தோற்றிருக்கிறார்கள் என்பதை மேலே பார்த்தோம்.

நான்காவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அலைக்குச் சீருடை தெரியாது. அமெரிக்கப் படைவீரரின் மூளையில் தழும்பை உண்டாக்கிய அதே அழுத்தம், அந்தத் தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த இராக்கியரின் மூளை வழியாகவும் போனது. 2009இல் வன்னியில், மாதக்கணக்காகச் செல்லடிக்குள் பங்கரில் கிடந்த சனங்களின் மூளை வழியாகவும் போனது. அங்கே புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலேயே செல் விழுந்தது. இரண்டு பக்கத்தும் சண்டையிட்டவர்களுக்கும் அதே அலைதான். சன்னத்தை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றி நாம் ஓரளவு பேசியிருக்கிறோம். அது தடவிப் பார்த்தால் தெரியும், எக்ஸ்ரேயில் தெரியும். சன்னம் இல்லாமல், தழும்பு இல்லாமல், அன்றிலிருந்து பேர்கள் மறந்துபோகிறவரை, வெயிலையும் சத்தத்தையும் தாங்க முடியாதவரை, திடீரென்று கைநீட்டிவிட்டு அழுகிறவரை என்ன சொல்கிறோம்? 'அவருக்கு மண்டை சரியில்லை' என்கிறோம். அந்த வழக்கு நாம் நினைத்ததைவிட நேர்ப்பொருள் கொண்டதாக இருக்கலாம்.

படையினருக்கென்று நடக்கிற ஆராய்ச்சியின் பலன்கள் படையினரோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கிற உரிமை செல்லுக்குள் இருந்தவர்களுக்கு உண்டு. தமிழில் ஒரு சோதனைத் தாள், ஊர்ப்பக்கத்து மருத்துவமனையில் 'வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தீர்களா, எத்தனை தடவை' என்று கேட்கிற ஒரு படிவம், வீட்டிலிருக்கிற பெண் சொல்வதை எழுதிக்கொள்ள அதில் நாலு வரி இடம். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். இதில் மொழி தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய பங்கு கணிசமானது, யாக்கப்சனை மேற்கோள் காட்டிப் பிழைக்கிற நமக்கு அது கடமையும்கூட.